மெதுவாகப் பேசத் தெரியாதவர்

என் நாத்தனாருக்கு மெதுவாகப் பேச வராது. காதோடு காதாகச் சொல்ல வேண்டியதைக்கூட ஆற்றுக்கு அக்கரையில் நிற்பவரிடம் சொல்வதுபோலத்தான் சொல்வார். கிருஷ்ணகிரியில் அவர் வீட்டுக்காரருக்கு மாவு மிஷின் இருந்தது. கல்யாணமாகிப் போன நாளிலிருந்து அந்த இன்ஜின் சத்தத்துக்கு மேலே கத்திக் கத்தியே அக்காவுக்கு அப்படி ஆகிவிட்டது என்று என் கணவர் சமாதானம் சொல்வார். அதெல்லாம் இல்லை. பாவாடை கட்டின வயதிலேயே அவர் அப்படித்தான் என்று என் மாமியார் உயிரோடு இருந்தபோது என்னிடம் சொல்லியிருக்கிறார்.

உறவில் ஒரு பெண் பார்க்கும் சடங்கு. மாப்பிள்ளை வீட்டார் பஜ்ஜியைக் கையில் எடுத்திருக்கிறார்கள். என் நாத்தனார் எனக்கு மட்டும் சொல்வதாக நினைத்துக்கொண்டு, "ஏன் சரோஜா, அந்தப் பையனுக்கு முன்பல்லு ரெண்டும் கட்டின பல்லு, பாத்தியா?" என்றார். பையன் பஜ்ஜியைத் தட்டிலேயே வைத்துவிட்டான். அந்தக் கல்யாணம் நடந்தது. ஆனால் அந்த வீட்டு விசேஷத்துக்கு அதற்குப் பிறகு எங்களை யாரும் அழைக்கவில்லை.

இப்படிப்பட்டவரைத்தான், ஊருக்கே தெரியாமல் மறைக்க வேண்டிய ஒரு விஷயத்துக்கு எனக்குத் துணையாக என் கணவர் வரவழைத்தார்.

எனக்கு அப்போது முப்பத்திரண்டு வயது. ஓசூரில் குடியிருந்தோம். கணவர் தாலுகா ஆபீசில் குமாஸ்தா. இரண்டு பெண் குழந்தைகள். இடது மார்பில் ஒரு கட்டி தட்டுப்பட்டு, அதை நானே பல மாதம் யாரிடமும் சொல்லாமல் வைத்திருந்து, கடைசியில் பெங்களூர் ஆஸ்பத்திரியில் மார்பை முழுக்க எடுத்தார்கள். அக்குளுக்குள் இருந்த நெறிகளையும் வழித்து எடுத்தார்கள். புற்று என்ற வார்த்தையை அப்போது யாரும் வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். மார்பு என்பதைச் சொல்வது அதைவிட மோசம். அதனால் வயிற்றில் கட்டி என்று எல்லோரிடமும் சொல்லிவிடுவது என நானும் கணவரும் முடிவு செய்திருந்தோம்.

"அக்கா, யாரு கேட்டாலும் வயித்துல கட்டின்னு சொல்லு" என்று அவர் தன் அக்காவிடம் சொன்னபோது நானும் கட்டிலில் படுத்துக் கேட்டுக்கொண்டுதான் இருந்தேன்.

"சரிடா. நான் ஏன்டா சொல்லப் போறன்?" என்றார் நாத்தனார். பக்கத்து வார்டிலிருந்து ஒரு நர்ஸ் எட்டிப் பார்த்துவிட்டுப் போனாள்.

ஆஸ்பத்திரியிலிருந்து திரும்பும் பஸ்ஸில் நாத்தனார் என்னை ஜன்னல் ஓரமாக உட்கார வைத்துப் பக்கத்தில் உட்கார்ந்தார். என் கணவர் பின்னால் எங்கோ நின்றுகொண்டிருந்தார். பஸ் முழுக்க ஒரே வாக்குவாதம். பாஷை வாரியாக ராஜ்யம் பிரிக்கப் போகிறார்கள், ஓசூர் மைசூரோடு சேருமா, மெட்ராஸோடு இருக்குமா என்று ஆளாளுக்கு அவரவர் பாஷையில் கத்திக்கொண்டிருந்தார்கள். அந்த வேகத்தில் வெற்றிலைக் கூடையோடு நின்ற ஒருவர் நாத்தனாரையும் தாண்டி என் மேல் சாய்ந்தார்.

"யோவ், நகருய்யா! மார்ல ஆபரேஷன் ஆன பொம்பள! ஒரு பக்கம் மொத்தமா எடுத்துட்டாங்க. இடிச்சியின்னா தையல் பிரிஞ்சிடும்!"

வாக்குவாதம் நின்றுவிட்டது. அதோடு விட்டாரா? அந்த ஆள் விழித்ததைப் பார்த்து, தமிழ் புரியவில்லை போலிருக்கிறது என்று கன்னடத்தில் ஒரு தடவை சொன்னார். பிறகு எதற்கும் இருக்கட்டும் என்று தெலுங்கில் ஒரு தடவை. ஓசூர் எந்த ராஜ்யத்துக்குப் போனாலும் என் விஷயம் மூன்று பாஷைக்காரர்களுக்கும் போய்ச் சேர்ந்துவிட்டது. நான் முந்தானையை முகத்தில் போட்டுக்கொண்டேன். அத்திப்பள்ளி தாண்டி, ஓசூர் வந்து, பஸ் ஸ்டாண்டில் இறங்கும் வரைக்கும் எடுக்கவில்லை.

வீட்டுக்குள் வந்து கதவைச் சாத்தியதும் கேட்டேன். "ஏன் அண்ணி அப்படிச் சொன்னீங்க? வயித்துலன்னு சொல்லக் கூடாதா?"

"வயித்துலன்னு சொன்னா வயித்தைத்தான் பாத்து நகருவான். மார்ல இடிப்பான். எங்க வலிக்குதோ அதத்தான சொல்ல முடியும்?"

இதுதான் எனக்கு அவரிடம் ஆகவே ஆகாத விஷயம். எதைக் கேட்டாலும் ஒரு பதில் வைத்திருப்பார். அது சரியா தப்பா என்று நாம் யோசித்து முடிப்பதற்குள் அடுப்படிக்குப் போயிருப்பார்.

மறுநாளிலிருந்து பெண்கள் பார்க்க வந்தார்கள். சாத்துக்குடியோடு வந்தார்கள். எல்லோருடைய கண்ணும் முதலில் என் முந்தானை மேல் போய்விட்டு அப்புறம்தான் முகத்துக்கு வரும். அடுத்த வீட்டு அம்மா மட்டும் தள்ளியே நின்றார். காபி கொடுத்ததற்கு, வேண்டாம், இப்போதுதான் குடித்தேன் என்றார். நாத்தனார் விடவில்லை. "ஏம்மா, தொத்திக்கும்னு பயமா? தொத்தறதா இருந்தா ஆஸ்பத்திரியிலயே எனக்குத் தொத்தியிருக்கும். எனக்கு ரெண்டும் பத்திரமாத்தான் இருக்குது" என்று தன் மார்பைத் தட்டிக் காட்டினார். அந்த அம்மா அன்றைக்குப் போனவர்தான். மிளகாய் அரைக்க அம்மிக்கல்கூட அதற்குப் பிறகு எங்கள் வீட்டில் கேட்டதில்லை.

இடது கையை என்னால் தோளுக்கு மேல் தூக்க முடியவில்லை. அக்குளில் கயிறு கட்டி யாரோ இழுத்துப் பிடித்த மாதிரி இருக்கும். சும்மா வைத்திருந்தால் கை அப்படியே மடங்கி நின்றுவிடும், தினமும் சுவரோரம் நின்று விரல்களை எறும்பு ஊர்கிற மாதிரி மேலே ஏற்ற வேண்டும் என்று நர்ஸ் சொல்லி அனுப்பியிருந்தாள். நாத்தனாருக்கு இது போதாதா? பொங்கலுக்குச் சுண்ணாம்பு அடித்த கூடத்துச் சுவரில் அடுப்புக்கரியால் கோடு கோடாக இழுத்து வைத்தார். நான் விரலை ஏற்ற ஏற்றப் பக்கத்தில் நின்று, "ஏறு! ஏறு! இன்னும் கொஞ்சம் ஏறு! வுடாத, புடிச்சிக்கோ!" என்று கத்துவார். எங்கள் வீட்டுக்குள் யாரோ தென்னை மரம் ஏறுகிறார்கள் என்று தெருவில் போகிறவர்கள் நினைத்திருப்பார்கள். வலியில் எனக்குக் கண்ணில் தண்ணீர் வரும். "அழுதுகினே ஏறு. அழறதுக்குக் கை வேணுமா?" என்பார்.

தலைமுடி விவகாரம் இதைவிடக் கொடுமை. எனக்கு முடி நீளம், அடர்த்தி. இரண்டு கையையும் பின்னால் கொண்டுபோகாமல் பின்ன முடியாது. என் மூத்த பெண்ணுக்கு ஒன்பது வயது. அவளுக்கு நன்றாகப் பின்ன வரும். சீப்பை எடுத்துக்கொண்டு என் பின்னால் வந்து உட்கார்ந்தவளை நாத்தனார் எழுப்பிவிட்டார்.

"யாரும் தொடக் கூடாது. அவளே பின்னிக்கட்டும்."

"எப்படி அண்ணி முடியும்?"

"முடியற அன்னிக்குப் பின்னு."

அப்படியே கிடந்தேன். முடி சிக்குப் பிடித்து, சடை விழுந்து, முகத்தில் வந்து அப்பிக்கொண்டது. என்னைப் பார்த்தால் எனக்கே பயமாக இருந்தது. கண்ணாடியைத் திருப்பி வைத்தேன். எதிர்வீட்டுப் பெண் மனசு கேட்காமல் எண்ணெயோடு வந்தாள். அவளையும் வாசலோடு அனுப்பிவிட்டார். நான் சாப்பிட மாட்டேன் என்று படுத்துக்கொண்டேன். "சாப்டாத. கை தானா தூக்கிக்கும்" என்று என் தட்டையும் சேர்த்து அவரே சாப்பிட்டுவிட்டார். கடைசியில் ஒரு நாள், வீம்புக்கென்றே, கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்தேன். தலையைக் குனிந்து, இடது முழங்கையைச் சுவரில் முட்டுக்கொடுத்து, பல்லைக் கடித்துக்கொண்டு பின்னி முடித்தபோது ரவிக்கை வியர்வையில் நனைந்து போயிருந்தது. வெளியே வந்து அவர் முன்னால் நின்றேன். ஏதாவது சொல்வார் என்று எதிர்பார்த்தேன்.

"கோணல்" என்றார்.

இவ்வளவு செய்தவர் ஒரு நாள் பெரிய தப்பும் செய்தார். ஆபரேஷன் ஆன பக்கம், நெஞ்சிலும் கையின் உள்பக்கத்திலும், எனக்கு உணர்ச்சி இல்லை. கிள்ளினாலும் தெரியாது. சூடு வைக்கக் கூடாது என்று ஆஸ்பத்திரியில் சொன்னபோது இவர் வராந்தாவில் யாரிடமோ மாவு மிஷின் கதை பேசிக்கொண்டிருந்தார். எனக்கும் அது ஞாபகத்தில் நிற்கவில்லை. கை வலிக்கிறது என்று நான் சொன்னதற்கு, இரும்புச் சட்டியில் கல்லுப்பை வறுத்து மூட்டை கட்டி ஒத்தடம் கொடுத்தார்.

"சுடுதா?"

"இல்ல அண்ணி."

"இப்ப?"

"இல்ல."

"உனக்கு எதுவும் சுடாது போல" என்று அழுத்திப் பிடித்தார்.

மறுநாள் அக்குளுக்குக் கீழே தோல் கொப்பளித்து உரிந்தது. சாயங்காலத்துக்குள் ஜுரம். கை முழங்கையிலிருந்து விரல் வரைக்கும் வீங்கி, வளையலை வெட்டி எடுக்க வேண்டியதாகிவிட்டது. என் கணவர் தன் அக்காவிடம் குரல் உயர்த்தி நான் பார்த்ததே இல்லை. அன்றைக்குக் கத்தினார். "நீ உதவி செய்ய வந்தியா, கொல்ல வந்தியா?"

நாத்தனார் நேராகக் கிணற்றடிக்குப் போய் உட்கார்ந்து அழுதார். அழுவதையாவது மெதுவாக அழலாம் இல்லையா? தெருவில் பாதிப் பேர் நான்தான் போய்விட்டேன் என்று ஓடி வந்துவிட்டார்கள். ஜுரத்தோடு நானே எழுந்து வாசலுக்கு வந்து, இல்லை, உயிரோடுதான் இருக்கிறேன் என்று அவர்களுக்கு முகம் காட்ட வேண்டியிருந்தது.

உள்ளூர் டாக்டரிடம் அழைத்துப் போனார்கள். அங்கே நோயாளிகள் வரிசையாக உட்கார்ந்திருக்க, நாத்தனார் வாசலில் நின்றபடியே சொன்னார். "டாக்டர், நான்தான் சுட்டுட்டன். அவ புருஷனைத் தப்பா நெனச்சிக்காதீங்க. உப்பு ஒத்தடம் நான்தான் வெச்சன். என்னைத் திட்டிட்டு அப்பறம் அவளைப் பாருங்க." டாக்டர் திட்டத்தான் செய்தார். நாத்தனார் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டார். அதன் பிறகு பென்சிலின் ஊசி, தினமும் கட்டு மாற்றுவது என்று என் பாடு இன்னும் நீண்டது.

வீட்டில் இன்னொரு சங்கடமும் இருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து வந்ததிலிருந்து என் கணவர் கூடத்தில் தனியாகக் கட்டில் போட்டுப் படுத்துக்கொண்டார். என்னைக் கேட்பார், விசாரிப்பார், மாத்திரை எடுத்துக் கொடுப்பார். ஆனால் நான் கட்டு மாற்றும்போது வெளியே போய்விடுவார். அவருக்கு அருவருப்பாக இருக்கிறது என்று நானாக முடிவு கட்டிக்கொண்டேன். அதைக் கேட்க எனக்கு வாய் வரவில்லை. கேட்டு, ஆமாம் என்று சொல்லிவிட்டால்?

நாத்தனார் கேட்டார். எப்போது, எங்கே? எல்லோரும் வட்டமாக உட்கார்ந்து களியும் கீரைக் குழம்பும் சாப்பிடும்போது, இரண்டு பெண் குழந்தைகளையும் வைத்துக்கொண்டு.

"ஏன்டா, அவ தழும்ப நீ பாத்தியாடா?"

என் கணவர் கையைக் கழுவிக்கொண்டு எழுந்து வெளியே போய்விட்டார். எனக்கு உடம்பெல்லாம் பற்றி எரிந்தது. "எங்களுக்குள்ள இருக்கற விஷயத்துல நீங்க ஏன் அண்ணி வர்றீங்க?" என்றேன்.

"உங்களுக்குள்ளதான் ஒண்ணும் இல்லையே. அதான் வந்தன்."

அன்றிலிருந்து நான் அவரோடு பேசுவதை நிறுத்தினேன். அவர் அதைக் கவனித்ததாகவே தெரியவில்லை. வழக்கம்போல இரண்டு பேருக்கும் சேர்த்து அவரே பேசிக்கொண்டார். அந்த வாரம், குந்தாரப்பள்ளிச் சந்தைக்கு எருமை பார்க்கப் போகிறேன் என்று விடிந்ததும் கிளம்பினார். வாசலில் செருப்பை மாட்டிக்கொண்டே தம்பியிடம் சொன்னார். "மத்தியானம் கட்டு நீ மாத்து. புள்ளைங்க இஸ்கூலுக்குப் போயிருக்கும். மருந்து மாடத்துல இருக்குது." அவருக்கு எருமை எதற்கு? கட்டுவதற்குக் கிருஷ்ணகிரி வீட்டில் இடம்கூடக் கிடையாது.

மத்தியானம் கணவர் ஆபீசிலிருந்து வந்தார். கையை மூன்று நான்கு தடவை கழுவினார். கதவைச் சாத்தினார். நான் சுவரைப் பார்த்து உட்கார்ந்துகொண்டேன். துணியைப் பிரித்தார்.

"ரொம்ப வலிச்சுதா?" என்றார்.

"அங்க உணர்ச்சி இல்ல. சுட்டதே தெரியல."

"அதக் கேக்கல" என்றார்.

நான் திரும்பிப் பார்த்தேன். அவர் கண் கலங்கியிருந்தது. "நீ செத்துடுவன்னு பயந்துட்டன். பாத்தா அந்தப் பயம் இன்னும் ஜாஸ்தியாயிடும்னு பாக்கல. வேற ஒண்ணும் இல்ல சரோஜா." இவ்வளவுதான் சொன்னார். மருந்தைப் புண்ணில் பாதியும் தன் வேட்டியில் பாதியுமாகப் போட்டார். கட்டு தளர்ந்து தொங்கியது. நான் அதைத் திருத்திக் கட்டச் சொல்லவில்லை. ஆபரேஷன் முடிந்த பிறகு என்னை அவர் தொட்டது அதுதான் முதல் தடவை. இரண்டு பேரும் அழுதுகொண்டிருந்தபோது தெருமுனையிலிருந்து குரல் வந்தது.

"போட்டானா?"

எதிர்வீட்டிலிருந்து யாரோ, "என்னத்தம்மா?" என்று கேட்டார்கள்.

"மருந்து! எம்பொண்டாட்டின்னு இப்பத்தான் ஞாபகம் வந்துகுது அவனுக்கு!"

கணவர் முகத்தைத் துடைத்துக்கொண்டு கொல்லைக் கதவு வழியாகவே ஆபீசுக்குப் போய்விட்டார். எருமை வாங்கவில்லை.

இரண்டு மாதத்தில் தொரப்பள்ளியில் கணவரின் சித்தப்பா வீட்டுக் கல்யாணம் வந்தது. நான் வர மாட்டேன் என்றேன். ரவிக்கை ஒரு பக்கம் தொய்ந்து கிடக்க, நாலு பேர் முன்னால் எப்படிப் போவது? நாத்தனார் பழைய பாவாடைத் துணியை வெட்டி, பை தைத்து, அதில் ராகியை நிரப்பி எனக்கு ஒரு மார்பு செய்தார். கனமாக இருந்தால்தான் இருந்த இடத்தில் இருக்கும் என்பது அவர் கணக்கு. உள்ளங்கையில் வைத்துத் தூக்கிப் பார்த்து, இன்னும் கொஞ்சம் போட்டார், கொஞ்சம் எடுத்தார். என் உடம்பை என்னைக் கேட்காமல் அவர் நிறுத்துக்கொண்டிருந்தது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. தைத்து முடித்து, பார்த்தால் அது என் அளவே இல்லை. அவர் அளவு. "பெருசா இருந்தா ஒண்ணும் தப்பில்ல" என்று ரவிக்கையோடு சேர்த்துக் கொடியில் போட்டார்.

கல்யாணத்தன்று காலையில் நான் குளித்துக்கொண்டிருக்கிறேன். கூடத்திலிருந்து ஒரு அலறல்.

"அய்யோ சரோஜா! உன் மாரை எலி தின்னுடுச்சுடி!"

தெரு அப்படியே நின்றிருக்கும். நான் ஈரப்புடவையோடு ஓடி வந்தேன். ரவிக்கை தரையில் கிடந்தது. பையில் ஒரு ஓட்டை. கூடம் முழுக்க ராகி. நாத்தனார் துடைப்பத்தோடு நின்று எலியின் வம்சத்தையே திட்டிக்கொண்டிருந்தார். "உசிரோட இருந்தத டாக்டர் எடுத்தான். தெச்சத நீ எடுக்கறியா, திருட்டு முண்டம்!" எனக்குக் கோபம்தான் வந்தது. திட்ட வாயைத் திறந்தேன். ஆனால் வந்தது சிரிப்பு. அடக்கினேன், அடங்கவில்லை. தையல் போட்ட இடம் இழுத்தது, வலித்தது. வலிக்க வலிக்கச் சிரித்தேன். ராகி மேலேயே உட்கார்ந்து சிரித்தேன். என் சின்னப் பெண் என்னைப் பார்த்துத் தானும் சிரித்தாள். நாத்தனார் மட்டும் சிரிக்கவில்லை. "இதுல என்னாடி சிரிப்பு? கா படி ராகி போச்சு" என்றார்.

அன்றைக்குத் தலையணைப் பஞ்சை எடுத்து அவசரமாகத் தைத்துக்கொண்டு போனோம். பஞ்சில் கனம் இல்லை. தாலி கட்டும் நேரத்தில் அது மெல்ல ஏறித் தோளுக்குக் கிட்டே வந்துவிட்டது. நான் முந்தானையை இழுத்து மூடிச் சமாளித்துக்கொண்டிருந்தேன். பந்தலின் அந்தக் கோடியிலிருந்து என் நாத்தனார், மேளச் சத்தத்துக்கும் மேலே, "சரோஜா! மேல ஏறிடுச்சு பாரு, கீழ இழுத்து வுடு!" என்றார். மேளக்காரர்கூட ஒரு தட்டு தவறவிட்டார். அன்றைக்கு நான் அவருக்கு மனசுக்குள் விட்ட சாபங்களில் ஒன்றுகூடப் பலிக்கவில்லை.

அந்தப் பந்தலில் ஒரு பெண் இருந்திருக்கிறாள். கெலவரப்பள்ளிப் பக்கம் ராகிக் காடு வைத்திருக்கும் குடும்பம். தெலுங்கு பேசுகிறவள். இருபத்தைந்து வயதுக்கு மேல் இருக்காது. அந்தக் கூச்சல் எதற்கு என்று யாரிடமோ கேட்டுத் தெரிந்துகொண்டு, ஒரு வாரம் கழித்து, இடுப்பில் குழந்தையோடு எங்கள் வீட்டு வாசலில் வந்து நின்றாள். மார்பில் கட்டி. பால் கட்டிக்கொண்டது என்று அவள் மாமியார் இலை வைத்துக் கட்டிக்கொண்டிருந்தாளாம். அது கரையவில்லை.

நாத்தனார் அவளை உள்ளே உட்கார வைத்துவிட்டு என்னிடம் வந்தார். "சரோஜா, அவளுக்குக் காட்டு."

"என்னது?"

"உன் தழும்பத்தான். ஆஸ்பத்திரிக்குப் போனா செத்துடுவோம்னு நெனச்சிகினு இருக்கறா. உன்னைப் பாத்தா தெரிஞ்சிக்குவா."

"நான் என்ன சந்தை மாடா அண்ணி, வந்தவங்களுக்கெல்லாம் காட்ட?"

"மாடா இருந்தா பல்லைத்தான் காட்டச் சொல்லியிருப்பன்."

இதற்கு மேல் அவரோடு பேசிப் பிரயோஜனம் இல்லை. நான் அந்தப் பெண்ணைப் பார்த்தேன். அவள் தரையைப் பார்த்து உட்கார்ந்திருந்தாள். முந்தானையை ஒரு கையால் கெட்டியாகப் பிடித்திருந்த விதம் எனக்குத் தெரிந்த விதம். நானும் பல மாதம் அப்படித்தான் பிடித்திருந்தேன். நாத்தனாரை வெளியே போகச் சொல்லிவிட்டுக் கதவைத் தாழ் போட்டேன். ரவிக்கையை அவிழ்த்தேன். அவள் நிமிர்ந்து பார்த்தாள். பயப்படவில்லை. தொடட்டுமா என்று கையால் கேட்டாள். தொட்டாள்.

"சேயி லேஸ்துந்தா, அக்கா?" கை தூக்க வருமா என்று கேட்டாள்.

தூக்கிக் காட்டினேன். சுவரில் கரிக்கோடு முடிந்த இடத்துக்கும் மேலே போயிற்று.

"மீ ஆயனா?" என்றாள் தயங்கி. வீட்டுக்காரர் என்ன சொன்னார் என்று கேட்கிறாள்.

"அவருதான் மருந்து போட்டாரு" என்றேன். அது அவளுக்கு எவ்வளவு புரிந்ததோ. அழுதாள். பிறகு முகத்தைத் துடைத்துக்கொண்டு, எப்போது போகலாம் என்றாள். கதவுக்கு அந்தப் பக்கத்திலிருந்து, "என்னா சொல்றா? வர்றாளா இல்லியா?" என்று நாத்தனார் கதவைத் தட்டிக்கொண்டே இருந்தார்.

அவளை நாத்தனாரோடு மட்டும் பெங்களூருக்கு அனுப்ப எனக்கு மனம் வரவில்லை. இவர் குரலைக் கேட்டே அந்தப் பெண் பாதி வழியில் இறங்கி ஓடியிருப்பாள். நானும் கிளம்பினேன். பஸ்ஸில் அவளுக்கும் நாத்தனாருக்கும் நடுவில் உட்கார்ந்தேன். ஏறியதுமே நாத்தனார் கண்டக்டரிடம் ஆரம்பித்தார், ஆஸ்பத்திரி வாசலில் நிறுத்து, இந்தப் பொண்ணுக்கு மார்ல கட்டி என்று. நான் அவர் கையைப் பிடித்தேன்.

"அண்ணி, கொஞ்சம் மெதுவா."

அவர் என்னை ஆச்சரியமாகப் பார்த்தார். "மெதுவாத்தானடி பேசறன்?"

பொய் சொல்லும் முகம் இல்லை அது. நிஜமாகவே அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தார். இவரிடம் இத்தனை மாதம் நான் எதற்காகச் சண்டை போட்டேன் என்று எனக்கு ஆயாசமாகிவிட்டது.

அந்தப் பெண்ணுக்கு ஆபரேஷன் நடந்தது. பிழைத்தாள். சில வருஷம் கழித்து, அந்த இடுப்புக் குழந்தையைப் பள்ளிக்கூடத்தில் சேர்க்க ஓசூருக்கு அவளே அழைத்து வந்தாள். எங்கள் வீட்டுக்கும் வந்து சாப்பிட்டுவிட்டுப் போனாள். நாத்தனாரோ, ஆஸ்பத்திரியில் அவளைப் பின்னாலேயே வந்து சேர்ந்த அவள் புருஷனிடம் ஒப்படைத்த கையோடு, மிஷினைப் பார்க்க ஆளில்லை என்று நேராகக் கிருஷ்ணகிரிக்குப் பஸ் ஏறிவிட்டார். போய் வருகிறேன் என்று ஒரு வார்த்தை இல்லை. என்னுடைய பித்தளைத் தூக்கும் அவரோடு போய்விட்டது. கேட்டால், "எது? அது என்னுதுதான?" என்பார் என்று தெரியும். கேட்கவில்லை.

அதற்குப் பிறகும் வருஷத்துக்கு இரண்டு தடவையாவது வருவார். நலமா என்றெல்லாம் கேட்க மாட்டார். தெருமுனையில் திரும்பும்போதே, "சரோஜா, கையத் தூக்கு பாக்கலாம்!" என்பார். தூக்காவிட்டால் தூக்கும் வரைக்கும் அங்கேயே நின்று கத்துவார் என்பதால் வாசலில் நின்று தூக்கிக் காட்டுவேன். தெருப் பிள்ளைகள் இதைப் பார்த்துப் பழகி, நான் கடைக்குப் போனால்கூட அப்படியே சொல்லிக் கேலி செய்வார்கள்.

என் ஆபரேஷன் முடிந்து பத்து வருஷம் ஆவதற்குள் அவர் போய்விட்டார். காலையில் மிஷினைத் திறக்கப் போனவர் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாராம். அவ்வளவுதான். நானும் கணவரும் முதல் பஸ்ஸில் போனோம்.

வீடு நிறைய ஆட்கள். ஆனால் சத்தமே இல்லை. அவர் வீட்டுக்காரருக்கு இரத்தக் கொதிப்பு, யாரும் அவர் எதிரில் கத்தி அழக் கூடாது என்று அவர்கள் மகளைக் கட்டிய மாப்பிள்ளை எல்லோருக்கும் சொல்லி வைத்திருந்தார். மாப்பிள்ளை சேலத்தில் ஏதோ பெரிய உத்தியோகம். பெண்கள் முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டிருந்தார்கள். ஆண்கள் காதுக்குள் பேசிக்கொண்டார்கள். நாத்தனாரின் மகள் என் பக்கத்தில் வந்து ஏதோ முணுமுணுத்தாள். இரண்டு தடவை கேட்ட பிறகுதான் காபி குடிக்கிறீர்களா என்று கேட்கிறாள் எனத் தெரிந்தது. எனக்கு வந்த எரிச்சலுக்கு அளவில்லை.

அவர் வீட்டுக்காரர் தலைமாட்டில் ஒரு ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார். வருகிறவர்கள் அவர் முன்னால் குனிந்து, உதட்டை அசைத்துவிட்டு நகர்ந்தார்கள். அவர் ஒவ்வொருவர் முகத்தையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டிருந்தார். நானும் குனிந்து, "அண்ணா" என்றேன். அவர் கையைக் காதில் குவித்தார்.

"யாரும்மா? காலையிலருந்து யாரும் ஒண்ணும் பேச மாட்டங்கறீங்களே?"

அப்போதுதான் எனக்கு உறைத்தது. அந்த மனுஷருக்கு மிஷின் சத்தத்தில் காது எப்போதோ போய்விட்டிருக்கிறது. இத்தனை வருஷம் அந்த வீட்டில் அவருக்குக் கேட்டுக்கொண்டிருந்தது ஒரே ஒரு குரல்தான். அது எங்களில் யாருக்கும் தெரியவில்லை. அவர் மகளுக்குக்கூடத் தெரியவில்லை.

"அண்ணா, நான் சரோஜா! ஓசூர்லருந்து வந்திருக்கன்! அண்ணி போயிட்டாங்களே அண்ணா!" என்று கத்தினேன்.

"சரோஜாவா?" என்றார். "ஆமாம்மா, போயிட்டா" என்றார். பிறகு வாய்விட்டு அழ ஆரம்பித்தார்.

மாப்பிள்ளை என்னைப் பார்த்து முகத்தைச் சுளித்து, விரலை உதட்டில் வைத்தார். நான் ஸ்டூலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து, யார் யார் வந்திருக்கிறார்கள், எப்போது எடுக்கப் போகிறார்கள் என்று அவருக்குச் சொல்லிக்கொண்டே இருந்தேன். எடுக்கும் வரைக்கும் குரலைத் தாழ்த்தவில்லை.